வீட்டுல இருக்கிற டாலரை போலீஸ் எடுத்தா? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

போன இதழ்ல, அமெரிக்கால ஒருத்தர் வீட்டுல இருக்கிற ரொக்கத்தை, அந்த ஆள் மேல கேஸே போடாம போலீஸ் எடுத்துட்டுப் போய் அரசாங்கத்துக்கே எழுதி வச்சுக்கலாம்னு போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் தாங்கல. பாதிப் பேர் நம்பவே இல்ல, மீதிப் பேருக்கு அங்க பிள்ளையோ பொண்ணோ இருக்கு, அதனால பயம். இந்தத் தடவை பட்டா, வாடகை, ஜீவனாம்சம் கேள்வியெல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும், இதை மட்டும் பாப்போம்.

கேள்வி: என் பையன் டெக்ஸாஸ்ல இருக்கான். பழைய காரு, ஃபர்னிச்சர் எல்லாம் வித்த பணம், நாங்க போனப்ப செலவுக்குக் குடுத்தது எல்லாம் சேத்து வீட்டுலயே கேஷா வச்சிருக்கான், பேங்க்ல போடுடான்னா சிரிக்கிறான். வீட்டுல பணம் வச்சிருக்கிறது அங்க குத்தமா சார்?
- வாசகி, காரைக்குடி

குத்தமே இல்லம்மா. இவ்வளவுதான் வச்சுக்கலாம்னு ஒரு லிமிட்டும் அங்க கிடையாது. ஆனா சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஏதோ ஒரு காரணத்துக்கு போலீஸ் அந்த வீட்டுக்குள்ள சோதனை போடுது, ரூம் ஷேர் பண்ற இன்னொரு பையன் மேல சந்தேகம்னு வச்சுக்கோங்க, இவன் அலமாரில கட்டுக்கட்டா டாலர் இருந்தா, இது போதைமருந்து வித்த பணமா இருக்கும்னு சொல்லி எடுத்துட்டுப் போகலாம். உங்க பையனை அரெஸ்ட் பண்ணணும்னு அவசியமே இல்ல. கேஸ் அவன் மேல இல்ல, அந்தப் பணத்து மேல. கோர்ட் பேப்பர்ல எதிர்தரப்பு பேரே டாலர் தொகையாதான் இருக்கும். "அமெரிக்கா எதிர் 124,700 டாலர்"னு நிஜமாவே ஒரு கேஸ் இருக்கு. நெப்ராஸ்கா ஹைவேல ஒருத்தர் வாடகைக் காரை நிறுத்தினாங்க, உள்ள அந்தப் பணம் இருந்துச்சு, போதைமருந்து ஒரு துளி இல்ல, மோப்ப நாய் மட்டும் மோந்து பாத்து ஆமான்னுச்சு. கீழ்க்கோர்ட் பணத்தைத் திருப்பிக் குடுன்னு சொன்னாலும் 2006ல மேல்கோர்ட் அதை மாத்தி, பணம் அரசாங்கத்துக்கேன்னு தீர்ப்பு எழுதிருச்சு.

கிரிமினல் கேஸ்னா சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். இது சிவில், அதனால "இருக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்"ங்கற அளவுக்குக் காட்டுனா போதும், தராசு அரசாங்கம் பக்கம் கொஞ்சம் சாஞ்சாலே முடிஞ்சுது. அதுவும் யாராவது எதிர்த்து நின்னாதான் தராசையே வெளில எடுப்பாங்க. யாரும் வரலன்னா தானாவே போயிடும். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கீழ திரும்ப வருவேன்.

உங்க பையனுக்கு ஒண்ணு சொல்லுங்க, காரு வித்த ரசீது, ஃபர்னிச்சர் வாங்கினவங்க அனுப்பின மெசேஜ், எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கட்டும். அதுவே முழுசா காப்பாத்தாது, டெக்ஸாஸ்லயே ஒரு அம்மா 201,100 டாலர் இழந்தாங்க, கார்ல ஒரு பெட்டகத்துல இருந்த பணம், கூடவே பென்சில்வேனியால வீடு வித்ததுக்கான பத்திரமும் இருந்துச்சு. 2017ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் விசாரணைக்கே எடுத்துக்கல. ஆனா நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், இந்த முறையே சரியான்னு யோசிக்க வேண்டிய நேரம் வந்திருச்சுன்னு தனியா ஒரு குறிப்பு எழுதி வச்சார், அவ்வளவுதான் ஆறுதல்.

கேள்வி: குற்றம் நிரூபிக்காம சொத்தைப் பறிக்கிறது ஜனநாயக நாட்டுல எப்படி சார் நடக்குது? இந்த சட்டம் எங்கேருந்து வந்துச்சு?
- சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

கப்பல்லேருந்து தம்பி. கடல் கொள்ளைக்காரன் ஓடிப்போயிடுவான், கப்பல் ஓனர் ஸ்பெயின்லயோ எங்கயோ இருப்பான், அவனைக் கூண்டுல ஏத்த முடியாது, அதனால கப்பலையே குற்றவாளியா வச்சு கேஸ் நடத்துனாங்க. 1827ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு கப்பல் விஷயத்துல, ஆளைத் தண்டிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, பொருள் மேல தனியா கேஸ் போகும்னு சொல்லிருச்சு. அந்தக் காலத்துக்கு அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. அதே லாஜிக்கை அப்புறம் சாராயம் கடத்துற வண்டிக்கு இழுத்தாங்க, 1974ல வாடகைக்கு விட்ட ஒரு உல்லாசப் படகுல ஒரே ஒரு கஞ்சா சிகரெட் கிடைச்சதுக்கு படகே போச்சு, வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டும் போச்சு.

ஆனா எல்லாத்தையும் மாத்துனது 1984. அதிபர் ரீகன் காலத்து கிரிமினல் சட்டம், அதுல பறிமுதல் பண்ற பணம் கஜானாவுக்குப் போகாம, கேஸ் நடத்துற அரசாங்க நீதி இலாகாவோட தனி ஃபண்டுக்குப் போகும்னு வச்சாங்க, லோக்கல் போலீஸ் பிடிச்சு ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஏஜென்சி கிட்ட குடுத்தா அதுல 80 சதவீதம் வரைக்கும் லோக்கல் போலீஸுக்கே திரும்பி வரும்னும் ஆச்சு. என்னைக் கேட்டா முழு வியாதியும் இங்கதான். சோதனை போடுறவரும், எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவரும், எடுத்ததுல பங்கு வாங்குறவரும் ஒரே ஆள். புது பேட்ரோல் கார் வாங்கணுமா, ஓவர்டைம் குடுக்கணுமா, பட்ஜெட் ஹைவேல ஓடிட்டு இருக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த ஊர்ல வச்சாலும் இதுதான் நடக்கும், அதுக்கு அமெரிக்கா போலீஸ் கெட்டவனா இருக்கணும்னு அவசியமே இல்ல.

வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2014ல தோண்டி எடுத்தாங்க, 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் வாரண்டும் இல்லாம குற்றச்சாட்டும் இல்லாம 61,998 தடவை ரொக்கம் எடுத்திருக்காங்க, மொத்தம் 250 கோடி டாலருக்கு மேல. ஃபெடரல் பகிர்வுத் திட்டத்துக்குள்ள வந்த கணக்கு மட்டும்தான் இது.

கேள்வி: தங்கச்சி நியூ ஜெர்சில இருக்கா. இப்படி ஒண்ணு நடந்தா முதல்ல என்ன பண்ணணும்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க. அங்க நமக்கு வக்கீல் யாரையும் தெரியாது.
- வாசகர், கோயம்புத்தூர்

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால நீளமாவே எழுதறேன், எடிட்டர் திட்டட்டும்.

போலீஸ் கதவைத் தட்டி "உள்ள வந்து பாக்கலாமா"ன்னு கேட்டா, வாரண்ட் இல்லன்னா வேண்டாம்னு மரியாதையா சொல்ற உரிமை அங்க இருக்கு, அப்படிச் சொன்னதே குத்தமாகாது. நம்ம ஆளுங்க பயத்துல, விருந்தாளி வந்த மாதிரி வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சிருவாங்க. சம்மதம் குடுத்துட்டா அப்புறம் வாரண்ட் பேச்சே கிடையாது. வாரண்டோட வந்தா தடுக்கக் கூடாது, கையை வைக்கக் கூடாது, வாரண்ட்ல என்ன தேடலாம்னு எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுப் பாக்கணும். பணம் யாருது, எங்கேருந்து வந்துச்சுன்னு அந்த இடத்துலயே கேப்பாங்க, அதுக்கு பதட்டத்துல வாய்க்கு வந்ததைச் சொல்றதுதான் பின்னாடி கோர்ட்டுல கழுத்தைப் பிடிக்கும், ஒரு தடவை சேமிப்புன்னும் ஒரு தடவை ஃப்ரெண்டோடதுன்னும் மாத்திச் சொன்னா அதையே சாட்சியா வைப்பாங்க. வக்கீலோட பேசிட்டு சொல்றேன்னா போதும். "இது என் பணம் இல்ல"ன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து கேட்டா போடவே கூடாது, போட்டா அப்பவே விட்டுக் குடுத்த மாதிரி.

எடுத்துட்டுப் போறப்ப ரசீது வாங்கணும், எவ்வளவுன்னு தொகை எழுதினதா. "கவர்ல பணம்"னு மொட்டையா எழுதிக் குடுக்கிறது அடிக்கடி நடக்கும். தொகை எழுதலன்னா, நாம எண்ணி வச்ச கணக்கை அன்னிக்கே எழுதி ஒரு ஈமெயிலா யாருக்காவது அனுப்பி வச்சுக்கணும், தேதி நேரத்தோட பதிவாகிடும்.

அப்புறம் நிஜமான கண்ணி. ஃபெடரல் ஏஜென்சி எடுத்திருந்தா பொதுவா 60 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், லோக்கல் போலீஸ் எடுத்து ஃபெடரல் கிட்ட ஒப்படைச்சிருந்தா 90 நாள். அந்த லெட்டர்ல ஒரு கடைசி தேதி போட்டிருக்கும், லெட்டர் அனுப்பின தேதிலேருந்து குறைஞ்சது 35 நாள். கைக்குக் கிடைச்ச தேதிலேருந்து இல்ல, அனுப்பின தேதிலேருந்து. வீடு மாறியிருந்தா, ஊருக்கு லீவுல வந்திருந்தா, தபால் பெட்டியைத் திறக்காம இருந்தா, கதை முடிஞ்சுது. அந்த தேதிக்குள்ள "கிளெய்ம்" போட்டே ஆகணும். பணம் எவ்வளவு, அதுல எனக்கு என்ன உரிமைன்னு எழுதி, பொய்னா தண்டனைக்கு உட்படுவேன்னு உறுதிமொழியோட கையெழுத்து போடணும். டெபாசிட் எதுவும் கட்ட வேண்டாம், 2000ல வந்த சீர்திருத்தச் சட்டம் அதை எடுத்துருச்சு.

அதே லெட்டர்ல இன்னொரு வழியும் போட்டிருப்பாங்க, கருணை மனு மாதிரி ஒண்ணு, "ரெமிஷன் பெட்டிஷன்"னு பேரு. பாக்கறதுக்கு அதுதான் ஈஸியா மரியாதையா தெரியும். அது மட்டும் போட்டா கோர்ட் பக்கமே போகாது, பணத்தை எடுத்த ஏஜென்சியே உக்காந்து குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும், அதுவும் பணம் அரசாங்கத்துதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆரம்பிச்சு. நிறைய பேர் இதை நிரப்பிட்டு, நாம கேஸ் போட்டுட்டோம்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பாங்க. நீதிபதி பாக்கணும்னா கிளெய்ம்தான். கிளெய்ம் போன 90 நாளுக்குள்ள அரசாங்கம் கோர்ட்டுல கேஸ் போடணும், இல்லன்னா பணத்தைத் திருப்பணும். கேஸ் போட்டா திரும்ப அங்கயும் பதில் போடணும், அங்கயும் நாள் கணக்கு உண்டு. மாநில போலீஸே எடுத்து மாநில சட்டத்துல நடத்துனா இந்த நாள் கணக்கெல்லாம் மாறும், டெக்ஸாஸ் மாதிரி இடத்துல நேரா கோர்ட்டுலதான் ஆரம்பிப்பாங்க, வர்ற சம்மனுக்கு பதில் போடணும், அதனால எந்தப் பேப்பர் வந்தாலும் அன்னிக்கே அந்த மாநிலத்து வக்கீல் கிட்ட காட்டுங்க.

வக்கீலுக்கு நம்ம காசுதான். கிரிமினல் கேஸ்னா அரசாங்கம் இலவசமா வக்கீல் குடுக்கும், இது சிவில்ங்கறதால பெரும்பாலும் கிடையாது, குடியிருக்கிற வீட்டையே எடுக்க வந்தா மட்டும் ஃபெடரல் சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு. ஜெயிச்சா வக்கீல் ஃபீஸைத் திரும்ப வாங்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா தோத்துடுவோம்னு தெரிஞ்சா அரசாங்கமே கேஸை நடுவுல வாபஸ் வாங்கிடும், அப்ப ஜெயிச்சதாவே கணக்கு வராதுன்னு கோர்ட்டுங்க சொல்லியிருக்கு. நடுவுல ஃபோன் வரும், பாதி வாங்கிட்டுப் போறியான்னு. தன் பணத்துல பாதியை மத்தவன் கிட்ட பேரம் பேசி வாங்கறது கசப்புதான், ஆனா வக்கீல் செலவு கணக்கு போட்டுப் பாத்துட்டு வாங்கிட்டுப் போறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

கேள்வி: எடுத்த போலீஸே கொஞ்சத்தைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு கம்மியா கணக்கு காட்டுனா? நம்ம ஊர் மாதிரி அங்கயும் நடக்குமா?
- வாசகர், திண்டுக்கல்

கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோல 2013ல அப்படித்தான் ஒரு குற்றச்சாட்டு. சூதாட்ட மெஷின் சம்பந்தமா வாரண்டோட போய் ரெண்டு பேரோட வீடு, கடையெல்லாம் சோதனை போட்டாங்க. போலீஸ் குடுத்த லிஸ்ட்ல சுமார் 50,000 டாலர். அவங்க சொன்னது, நிஜமா எடுத்தது 151,380 டாலர் ரொக்கமும் 125,000 டாலர் மதிப்புள்ள அபூர்வ நாணயமும், லிஸ்ட்ல வராத மீதியை போலீஸே திருடிருச்சுன்னு. ரெண்டு பேர் மேலயும் கேஸே போடல. இவங்க போலீஸ் மேல வழக்கு போட்டாங்க, 2019ல ஃபெடரல் மேல்கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, திருடுறது தப்புன்னு அந்த ஆஃபீசருங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்தான், ஆனா வாரண்ட்ல எடுத்த பொருளைத் திருடுனா அது, நியாயமில்லாத சோதனையையும் பறிமுதலையும் தடுக்கிற அரசியலமைப்போட நாலாவது திருத்தத்தை மீறுனதாகும்னு அதுவரைக்கும் தெளிவா எந்தத் தீர்ப்பும் இல்ல, அதனால அவங்களுக்கு இந்த வழக்குலேருந்து விலக்கு உண்டுன்னு. திருடினாங்களா இல்லையாங்கறதை விசாரிக்கவே வேண்டியதில்லாம போச்சு. 2020ல சுப்ரீம் கோர்ட்டும் தலையிடல. இந்தத் தீர்ப்பை முதல்ல படிச்சப்ப பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், வேற ஏதாவது விட்டுட்டேனோன்னு.

கேள்வி: அப்ப பேங்க் லாக்கர்ல வச்சா சேஃப்தானே? இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா அக்கவுண்ட்ல போட்டா?
- வாசகி, நாகர்கோவில்

முதல் பாதிக்கு பதில், கலிஃபோர்னியால இருக்கிற பெவர்லி ஹில்ஸ். அங்க பேங்க் இல்லாத ஒரு தனியார் லாக்கர் கம்பெனி, அதோட ஓனருங்க மேலதான் சந்தேகம். 2021 மார்ச்ல எஃப்பிஐ போய் நூத்துக்கணக்கான வாடிக்கையாளர் பெட்டியையும் சேத்து உடைச்சுது, கிடைச்ச ரொக்கம் மட்டும் 8 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல, தங்கம் வெள்ளி தனி. பெட்டிக்குள்ள இருக்கிறதைத் துழாவ வாரண்ட்ல அனுமதியே இல்ல, யாருதுன்னு கண்டுபிடிச்சுத் திருப்பிக் குடுக்கற அளவுக்குதான் பாக்கலாம்னு இருந்துச்சு. ஆனா பெட்டிக்காரங்களுக்குப் போனது பறிமுதல் நோட்டீஸ். 2024 ஜனவரில மேல்கோர்ட் இது அரசியலமைப்புக்கு விரோதம்னு சொல்லிருச்சு. சொல்றதுக்கு மூணு வருஷம் கிட்ட ஆச்சு.

ரெண்டாவது பாதிதான் ஆபத்து, கவனமா படிங்கம்மா. 10,000 டாலருக்கு மேல ரொக்கமா கட்டுனா பேங்க் அரசாங்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பும். அந்த ரிப்போர்ட் போனா ஒண்ணும் ஆகாது, நல்ல பணம்னா பயமே வேண்டாம். ஆனா அதைத் தவிர்க்கறதுக்காக 9,000, 9,500னு பிரிச்சுப் பிரிச்சு கட்டுறது தனிக் குற்றம், பணம் சுத்தமானதா இருந்தாலும். மளிகைக் கடைக்காரங்க, ஹோட்டல்காரங்க எல்லாம் இதுல மாட்டி மொத்த அக்கவுண்டையும் இழந்திருக்காங்க. 2019ல வந்த சட்டத்துக்கு அப்புறம், பணம் சட்டவிரோதமா வந்ததுன்னாலோ, வேற குற்றத்தை மறைக்கப் பிரிச்சுக் கட்டுனதுன்னாலோ மட்டும்தான் வருமான வரித்துறை இந்தக் காரணத்துக்குப் பறிமுதல் பண்ணலாம்னு ஆகியிருக்கு, ஆனா பிரிச்சுக் கட்டுறது குற்றம்ங்கறது அப்படியேதான் இருக்கு. மொத்தமா ஒரே தடவை கட்டுங்க, ஃபார்ம் போனா போகட்டும்.

கேள்வி: நேர்மையா இருக்கறவன் வீட்டுல ஏன் சார் கட்டுக்கட்டா பணம் இருக்கு? போதை வியாபாரிங்ககிட்ட பிடுங்கறதை நீங்க ஏன் குறை சொல்றீங்க?
- ஓய்வு பெற்ற அதிகாரி, சென்னை

வியாபாரிகிட்ட பிடுங்கட்டும் சார், கேஸ் போட்டு, தண்டனை வாங்கிக் குடுத்து, அப்புறம் பிடுங்கட்டும், கிரிமினல் பறிமுதல்னு அதுக்குத் தனி வழியே இருக்கு. பெரிய மாஃபியாதான் மாட்டுதுன்னு நினைக்கறோம். இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்னு ஒரு அமைப்பு 2020ல 21 மாநிலத்துக் கணக்கை எடுத்துப் பாத்தா, வரிசைல நடுவுல நிக்கற பறிமுதல் தொகை சராசரியா 1,276 டாலர். அந்தப் பணத்துக்கு வக்கீல் வச்சா வக்கீல் ஃபீஸே அதைத் தாண்டிரும். அதனால யாரும் வர்றதில்ல, வராததால போயிடுது, போயிட்டதால குற்றப் பணம்னு கணக்குல ஏறிடுது.

பிட்ஸ்பர்க் பக்கத்துல ஒரு ரிட்டயர்டு ரயில்வே தொழிலாளி, நம்ம தாத்தாங்க மாதிரி பேங்க்ல நம்பிக்கை இல்லாம வருஷக்கணக்கா வீட்டுல சேத்து வச்ச 82,373 டாலர். வயசாகுது, ஜாயிண்ட் அக்கவுண்ட்ல போடும்மான்னு மகள் கிட்ட குடுத்தார். அவங்க 2019ல அதை எடுத்துட்டு ஏர்போர்ட் போக, போதைத் தடுப்பு ஏஜென்சி எடுத்துக்கிச்சு. உள்நாட்டு ஃப்ளைட்ல எவ்வளவு கொண்டு போனாலும் சட்டப்படி தப்பே இல்ல. ஒருத்தர் மேலயும் கேஸ் இல்ல. இலவசமா வழக்காடுற அமைப்பு உள்ள வந்து, பேப்பர்ல எல்லாம் வந்த பிறகு 2020ல முழுப் பணமும் திரும்ப வந்துச்சு. ஃபிலடெல்ஃபியால பையன் 40 டாலருக்கு ஹெராயின் வித்தான்னு அப்பா அம்மாவை வீட்டை விட்டே வெளியேத்துனாங்க, அந்த ஊர்ல இந்த கேஸெல்லாம் நடந்த 478ம் நம்பர் கோர்ட் ரூம்ல நீதிபதியே கிடையாது, அரசு வக்கீல்தான் எல்லாம். 2018ல நகராட்சி 30 லட்சம் டாலர் ஃபண்டு ஒதுக்கி சமாதானத்துக்கு வந்துச்சு. இவங்க எல்லாருக்கும் மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்.

கேள்வி: சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் தடுக்கலையா?
- வாசகர், விழுப்புரம்

ஒரு அடி முன்னால, ஒரு அடி பின்னால. 2019ல இண்டியானா கேஸ், ஒருத்தர் சில நூறு டாலருக்கு போதைமருந்து வித்ததுக்கு 42,000 டாலர் லேண்ட் ரோவரை எடுத்துட்டாங்க, அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000தான். மிதமிஞ்சின அபராதம் கூடாதுங்கற விதி மாநிலங்களையும் கட்டும்னு எல்லா நீதிபதியும் ஒருமனதா சொன்னாங்க, தீர்ப்பு எழுதினது நீதிபதி கின்ஸ்பர்க் அம்மா. ஆனா 2024 மே மாசத்துல, பறிமுதல் கேஸ் முடியற வரைக்கும் பொருளை அரசாங்கம் கைல வச்சிருக்கலாமான்னு முன்னாடியே தனி விசாரணை வேணும்னு ரெண்டு பெண்கள் கேட்டாங்க, அவங்க காரை வேற யாரோ ஓட்டிப் போய் மாட்டினது, அது தேவையில்லன்னு 6க்கு 3ல தீர்ப்பு.

மாநிலங்கள்தான் கொஞ்சம் நகருது. நியூ மெக்ஸிகோ 2015லயும், நெப்ராஸ்கா 2016லயும், மெயின் 2021லயும் சிவில் பறிமுதலையே எடுத்துட்டாங்க, முதல்ல தண்டனை வாங்கிக் குடு, அப்புறம் பாக்கலாம்னு. ஆனா ஃபெடரல் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் மேல இருக்கே, அது அப்படியேதான்.

கேள்வி: நம்ம நாட்டுல?
- பல வாசகர்கள்

இங்க வீட்டுல பணம் வச்சுக்க லிமிட் இல்ல, வருமான வரித்துறை கேட்டா எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டணும். போலீஸ் சந்தேகத்துல எடுத்தா மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்கணும், அவர்கிட்ட மனு போட்டுக் கேக்கலாம். 2024 ஜூலை 1லேருந்து வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 107வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, குற்றத்துல வந்த சொத்துன்னு போலீஸ் சொன்னா கோர்ட் 14 நாள் நோட்டீஸ் குடுத்து முடக்கி, கலெக்டர் மூலமா பாதிக்கப்பட்டவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். தண்டனை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லங்கறது அமெரிக்கா வாசனை அடிக்குது, அதைக் கவனிச்சுட்டே இருக்கணும். ஆனா பிடிச்ச போலீஸுக்குப் பங்கு கிடையாது, அந்த ஒரு வித்தியாசம் சின்னது இல்ல. எலெக்ஷன் டைம்ல பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல எடுக்கறது வேற கதை, ஆட்டு வியாபாரிங்க படுற பாடு தனி இதழுக்கு ஆகும்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போறோம். கைல எவ்வளவு டாலர் கொண்டு போகலாம்?
- தம்பதி, கும்பகோணம்

அங்க இறங்கறப்ப எவ்வளவு வேணா கொண்டு போகலாம், ஆனா 10,000 டாலருக்கு மேல இருந்தா ஃபார்ம்ல எழுதியே ஆகணும், எழுதினா வரியும் கிடையாது. எழுதாம பிடிபட்டா மொத்தமும் போகலாம், 10,000க்கு மேல உள்ளது மட்டும்னு இல்ல. ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டு தப்பிச்சுக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. இந்தியாலேருந்து வெளில எடுத்துட்டுப் போக இங்க தனி வரம்பு இருக்கு, டாலர் மாத்தற இடத்துல கேட்டுக்கோங்க, ரசீதைப் பாஸ்போர்ட்டோட வைங்க. பேங்க் கார்டுல எடுத்துட்டுப் போங்க, கைல கொஞ்சம் போதும். சம்பந்தி வீட்டுல குழந்தைக்குன்னு குடுக்கிற கவரையும் சேத்து எண்ணிக்கோங்க.